மூன்றாவது லைன்

என் கணவர் இறந்த பிறகு நான் பேசிய முதல் வெளியாள், பாரிமுனையில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கிளியரிங் ஏஜெண்ட். துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றக் காகித வேலை பார்த்துக் கொடுப்பவர். அவரிடம் நான் பேசியது ஒரே ஒரு சொல். "கேக்குது" என்றேன். அவர் அந்தப் பக்கம் யாரிடமோ, "பரவால்லியேப்பா, பக்கத்துல குந்திகினு பேசற மாதிரி கீதே" என்று சொன்னது கேட்டது. அதோடு என் வேலை முடிந்தது. ரிசீவரை வைத்துவிட்டு மறுபடியும் பாயில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது நான் ராயபுரத்தில் அம்மா வீட்டில் இத்தா இருந்தேன். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், பூ வளையல் இல்லாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பது எங்கள் வழக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷம் திருவொற்றியூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். குழந்தை இல்லை. அவர் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகும்போது, வளைவில் திரும்பிய டிரெய்லர் லாரியின் பின்சக்கரத்தில் அவருடைய மொபெட் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் முடிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அழவில்லை. அதுதான் எல்லோருக்கும் கவலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடுமா, அழுதாத்தான் தேறும்" என்பார்கள். அழ மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். டீ சுட்டது என்பது நாக்கு வெந்து தோல் உரிந்த பிறகுதான் தெரியும். மின்விசிறி நின்றுபோய் வியர்வை முதுகில் வழிந்துகொண்டிருக்கும், அம்மா வந்து, "இன்னாடி இப்பிடி வெந்துகினு குந்திகினுகீற?" என்று கேட்கும்போதுதான் கரண்ட் போனதே தெரியும்.

எங்கள் அத்தா, அதாவது அப்பா, முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், தம்பி. தம்பி அப்போது எழும்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேல்ஸ்மேனாக இருந்தான். அவர்கள் விற்றது கான்ஃபரன்ஸ் கால். வேறு வேறு ஊரில் இருக்கும் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே போன் இணைப்பில் பேசிக்கொள்ளலாம்; கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் ஒருவர் திரையில் இருக்கும் கணக்கையும் படத்தையும் மற்றவர்கள் பார்க்கலாம். இன்று குழந்தைகள்கூட இதைச் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் ஷிப்பிங் ஆபீஸிலும் தோல் ஏற்றுமதிக் கடையிலும் போய் இதை நம்பவைப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

நம்பவைக்க டெமோ காட்ட வேண்டும். தம்பி வாடிக்கையாளரின் ஆபீஸில் இருந்து டயல் செய்வான். அவனுடைய மேனேஜர் எழும்பூரில் இருந்து லைனில் வருவார். ஆனால் இரண்டு பக்கம் மட்டும் பேசினால் அது வெறும் போன்தான். மூன்றாவதாக இன்னொரு இடத்திலிருந்து ஒரு ஆள் வந்தால்தான் கான்ஃபரன்ஸ் என்று வாடிக்கையாளருக்கு உறைக்கும். அந்த மூன்றாவது ஆளாக இருந்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். எங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளும் இருந்தாள்.

தம்பி கேட்டதும் அம்மா சத்தம் போட்டார்.

"இன்னாடா பேசற? இத்தால கீற பொண்ணு, கண்ட ஆம்பளைங்ககிட்ட போன்ல பேசறதா? அக்கம்பக்கம் கேட்டா இன்னா சொல்லும்?"

"பேசவே வேணாம்மா. காது கேக்குதானு கேப்பாங்க. கேக்குதுனு சொன்னா போதும்."

அம்மா சமாதானமாகவில்லை. பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தின் மனைவி மூலமாக அவரிடம் கேட்டனுப்பினார். தேவைக்குப் பேசலாம், குரலைக் குழைத்துப் பேசக்கூடாது என்று பதில் வந்தது. என் குரல் அப்போது குழையக்கூடிய நிலையில் இல்லை என்பது அம்மாவுக்கே தெரிந்திருக்கும். தம்பி ஒரு நீளமான வயர் வாங்கி வந்து, போனை உள் அறையில் என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சொன்ன நேரத்துக்கு நான் ஒரு நம்பரை டயல் செய்வேன். ஒரு ஆங்கிலக் குரல் வரவேற்கும். பிறகு கான்ஃபரன்ஸ் நம்பர், ஒரு ஹாஷ், ரகசிய எண், மறுபடியும் ஒரு ஹாஷ். ஒரு மணிச் சத்தம் கேட்டதும் நான் உள்ளே வந்துவிட்டேன் என்று அர்த்தம். அந்தப் பக்கம் மேசை விசிறியின் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ டீ சொல்லும் சத்தம். தம்பியின் குரல் வீட்டில் இருப்பதைவிடப் பெரியதாக இருக்கும். "மேடம், நாங்க பேசறது உங்களுக்குக் கேக்குதா?" என்று சொந்த அக்காவைக் கேட்பான். நான் பதில் சொல்வேன். சில நாள் இரண்டு முறை, சில நாள் அதற்கும் மேல். யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் கதை யாருக்கும் தெரியாது. என்னிடம் ஆறுதல் சொல்ல யாரும் முயற்சி செய்யவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது என்று சொல்லலாம். பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.

டெமோ முடிந்து நிறையப் பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் அடுத்த வாரமே நிறுத்தினார்கள். தம்பி பக்கத்தில் இருந்து டயல் செய்யும்வரை எல்லாம் சரியாக இருக்கும். அவன் கிளம்பிய பிறகு அவர்களுக்கு ஒன்றும் ஓடாது. எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண், எங்கே காத்திருக்க வேண்டும், ஆங்கிலக் குரல் என்ன சொல்கிறது, எதுவும் பிடிபடாது. ஐந்து பேர் பேச வேண்டிய கூட்டத்தில் இரண்டு பேர் உள்ளே வந்திருப்பார்கள், ஒருவர் வேறு யாருடைய கான்ஃபரன்ஸிலோ போய் உட்கார்ந்து, "யார்பா நீங்கள்லாம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் கிளியரிங் ஏஜெண்ட் ஒரு நாள் நேராக எங்கள் வீட்டுக்கே போன் செய்துவிட்டார். தம்பி தன் நம்பரோடு வீட்டு நம்பரையும் கொடுத்திருக்கிறான்.

"தம்பி இல்லீங்களா? நான் இன்னாம்மா பண்றது? பெங்களூர்லர்ந்து பார்ட்டி வெயிட் பண்ணிகினுகீறாரு. ஹாஷ் ஹாஷ்னு ஒரு பொம்பள கத்திகினே கீது. ஹாஷ்னா இன்னாம்மா?"

"நாலு கோடு குறுக்கும் நெடுக்குமா போட்டிருக்கும் பாருங்க, அதுங்க."

"அது மாதிரி ஒண்ணும் இல்லியேம்மா. நட்சத்திரம்தான் கீது. அத அமுக்கினேன், கட்டாயிட்ச்சி."

இன்னொரு தடவை விளக்கியிருக்கலாம். ஆனால் அதற்கு வேண்டிய தெம்பு என்னிடம் இல்லை. வாயைத் திறந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுவது அப்போது எனக்கு மாடி ஏறுவது மாதிரி. அதனால், "நீங்க எதையும் அமுக்க வேணாம். உங்க நம்பரும் பெங்களூர் நம்பரும் சொல்லிட்டு போனை வெச்சிடுங்க. நானே கூப்பிடறேன்" என்றேன்.

இணைப்பின் உள்ளே இருந்தபடியே வெளியில் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சேர்க்க ஒரு வழி இருந்தது. தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது, இதை யாரும் உபயோகிப்பதில்லை என்று சேர்த்துச் சொல்லியிருந்தான். நான் உள்ளே போய் முதலில் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். பிறகு பெங்களூரை. அவர்கள் செய்ய வேண்டியிருந்தது மணி அடித்தால் போனை எடுப்பது மட்டும்தான். "பேசுங்க" என்று சொல்லிவிட்டு நான் இணைப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாளும் அவர் கூப்பிட்டார். அவர் சொல்லி ஒரு டிரான்ஸ்போர்ட் முதலாளி கூப்பிட்டார். அப்புறம் பெரியமேட்டுத் தோல் வியாபாரிகள். "அந்த உள்ளர்ந்து கூப்பிடற சிஸ்டம்தான் வேணும்" என்று தம்பியிடம் கேட்டார்களாம். அவன் மேனேஜர் முதலில் கோபப்பட்டு, பிறகு யோசித்து, கடைசியில் அதையே தனி சேவையாக விற்கச் சொன்னார். வாடிக்கையாளர் நேரத்தையும் நம்பர்களையும் சொன்னால் போதும். நாங்கள் கூப்பிட்டுச் சேர்ப்போம். நாங்கள் என்றால் நான். உள் அறையில், பாயில் உட்கார்ந்துகொண்டு.

அம்மா அதற்குள் பழகிவிட்டார். போன் கால் நடக்கும்போது மிக்ஸி போட மாட்டார். வாசலில் மீன்காரி கத்தினால், "மெதுவா கூவுமே, எம்பொண்ணு ஆபீஸ்ல கீது" என்பார்.

ஒரு கால் மட்டும் தனியாக நினைவில் இருக்கிறது. அதே கிளியரிங் ஏஜெண்ட், டிரான்ஸ்போர்ட் முதலாளி, ஒரு யார்டு மேனேஜர், பெங்களூர் ஏற்றுமதிக்காரர். பெங்களூர் லைன் விட்டு விட்டு அறுந்ததால் நான் வெளியே வராமல் உள்ளேயே இருந்தேன். விழுந்தால் திரும்பக் கூப்பிட வேண்டும் அல்லவா?

"கன்டெய்னர் வண்டி ஏன் இன்னும் ஹார்பர் கேட்டுக்குள்ள போகல?" என்று பெங்களூர்க்காரர் கேட்டார்.

டிரான்ஸ்போர்ட் முதலாளி தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன பேஜாரு ஆயிட்சி சார். எண்ணூர் ரோட்ல சைக்கிள்காரன் ஒருத்தன் குறுக்க வந்துட்டான். ஆளு பூட்டான். வண்டிய ஸ்டேஷன்ல போட்டுட்டாங்க."

"அடடா" என்றார் பெங்களூர்க்காரர். பிறகு, "அப்ப என் பெட்டி?" என்றார்.

"பெட்டிய வேற வண்டில மாத்திடலாம் சார். கப்பல் போறதுக்குள்ள மாத்திடலாம்."

"அந்த ஆளுக்குக் குடும்பம் கீதா?" என்று ஏஜெண்ட் கேட்டார்.

"கீதுபோல. சம்சாரம் வந்து ஸ்டேஷன் வாசல்ல குந்திகினுகீது."

பிறகு அவர்கள் கிரேன் எப்போது கிடைக்கும், கஸ்டம்ஸ் சீல் உடையாமல் எப்படி மாற்றுவது என்று பேசினார்கள். நடுவில் சத்தம் நின்றது. "மேடம், எல்லாரும் லைன்ல இருக்காங்களா?" என்று யார்டு மேனேஜர் கேட்டார்.

"இருக்காங்க. பேசுங்க" என்றேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த ஏஜெண்ட் அன்று குரல் இறங்கித்தான் பேசினார். ரிசீவரை வைத்த பிறகு, அம்மா வாங்கி வைத்திருந்த சங்கரா மீனைக் கழுவினேன். செதில் ஒட்டாமல் சுத்தமாகவே கழுவினேன். அந்தப் பெண் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு படத்தைப் பார்ப்பது மாதிரி இருந்தது. எந்த இடத்திலும் வலிக்கவில்லை.

தம்பிக்கு விஷயம் ஆபீஸில் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றான்.

"அக்கா, மத்யானம் அந்தக் கால்ல நீ உள்ள இருந்தியா?"

"இருந்தேன்."

"வேணாங்கா. வேற ஆளப் போட்டுக்கலாம்."

"நாளைக்குக் காலைல ரெண்டு கால் கீது. நம்பர் எல்லாம் எங்கிட்டதான் கீது" என்றேன். அவன் போய் அம்மாவிடம் சோறு கேட்டான்.

இத்தா முடிந்த அன்று பெண்கள் வந்து என்னைக் குளிக்கச் சொல்லி, புதுப்புடவை கொடுத்து, எனக்காக வேண்டி துஆ ஓதினார்கள். அடுத்த நாள் வெளியே போகலாம். நான் போகவில்லை. போக வேண்டிய இடம் எதுவும் தோன்றவில்லை. சில வாரம் கழித்துத் தம்பிதான் என்னை ஆபீஸுக்கு அழைத்துப் போனான். ராயபுரத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறி, எழும்பூர். கூட்டத்தில் என் தோளை இடித்துக்கொண்டு போனார்கள். யாரும் என்னை விதவை என்று பார்க்கவில்லை என்பதை ரயிலில் கவனித்தேன்.

ஆபீஸில் ஒரு இன்ஜினீயர் பெண் இருந்தாள். என்னைவிடச் சின்னவள், பேசும்போது பேனாவைக் கடித்துக்கொண்டே இருப்பாள். நான் பாயில் உட்கார்ந்து செய்வதை ஒரு இணையப் பக்கமே செய்யும்படி அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பேச வேண்டியவர்களின் நம்பரை ஒருமுறை போட்டு வைத்துவிட்டால், ஒரே பொத்தானில் எல்லோருக்கும் மணி அடிக்கும். திரையையும் அப்படியே பகிரலாம்.

"ஜனங்க எங்கதான் குழம்பறாங்க, சொல்லுங்க" என்றாள்.

"எல்லாரும் வந்துட்டாங்களான்னு தெரியாமத்தான். அதைத்தான் எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேப்பாங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு, திரையில் ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் ஒரு பச்சை விளக்கு எரியும்படி செய்தாள். அவளும் முன்பே அதை யோசித்துத்தான் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். மணி அடித்து எடுப்பவர்களுக்குத் தமிழில் ஒரு அறிவிப்பு வேண்டும் என்று முடிவானது. என்னைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். "வணக்கம், உங்கள் கூட்டத்தில் இணைக்கிறோம்." நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் தயங்கித் தயங்கி, "குரல்ல கொஞ்சம் சிரிப்பு வேணும்மா" என்றார். முயற்சி செய்தேன். கடைசியில் ரிசப்ஷனில் இருந்த பெண்ணை வைத்து எடுத்தார்கள். அவளுடையது நன்றாகவே இருந்தது.

கூப்பிட்டுச் சேர்க்கும் வேலை பொத்தானுக்குப் போனதால், எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள். வடசென்னைக் கம்பெனிகளுக்கு நேரில் போய் அந்தப் பொத்தானைக் காட்டுவது. திருவொற்றியூர், எண்ணூர், மணலி. தொழிற்சாலை வாசலில் பெயர் எழுதி, உள்ளே மேனேஜர் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்து, எழும்பூரில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவேன். "இவ்ளோதானா?" என்பார்கள். "இவ்ளோதான்" என்பேன். பஸ், அவருடைய மொபெட் சிக்கிய அந்த வளைவைத் தாண்டித்தான் போகும். முதல் தடவை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனேன். ஒரு டயர் பஞ்சர் கடை இருந்தது. டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. அப்புறமும் எத்தனையோ தடவை போனேன்.

ஒரு வருஷம் போல ஆனதும் அம்மா எனக்கு மறுபடியும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஒருவர். மனைவி இறந்தவர், ஒரு பெண் குழந்தை. அவருடைய அக்காவும் அங்கேயேதான். அவருடைய தாய்மாமா வாணியம்பாடியில். எல்லோரும் ஒரே இடத்தில் கூட முடியாது. தம்பிதான், "நம்ம சிஸ்டத்துலயே பேசிடலாமே" என்று சொன்னான். நல்ல நோக்கத்தோடுதான் சொன்னான்.

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம். நான் என் மேசையில் இருந்து அம்மா, வாணியம்பாடி மாமா, ஷார்ஜா அக்கா, மூன்று பேரையும் சேர்த்தேன். தம்பி எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனில். பச்சை விளக்குகள் எரிந்தன. சலாம் சொல்லிக்கொண்டார்கள். மாமா மாப்பிள்ளையின் குணத்தைச் சொன்னார். ஷார்ஜா அக்கா குழந்தைக்கு எந்த ஸ்கூல், என்ன வயசு என்று சொன்னார். பிறகு, "பொண்ணோட விருப்பத்தைக் கேக்கணுமே" என்றார்.

"அதுக்கு இன்னா, அவளுக்குச் சம்மதந்தான். நான் சொன்னா தட்டவே மாட்டா" என்றார் அம்மா.

என் கழுத்தில் ஒரு சூடு ஏறியது. முதலில் அது என்னவென்று தெரியவில்லை. காய்ச்சலோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது கோபம். அவ்வளவு நாள் கழித்து அது வந்து நின்றபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நான் லைன்லதான் கீறேன்மா" என்றேன். "எனக்கு இப்ப வேணாம்."

எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. தம்பி ஹெட்போன் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷார்ஜா அக்காதான் முதலில் பேசினார். "சரிம்மா. உன் வாயால சொன்னதுதான் நல்லது. அல்லா உனக்கு நல்லதைக் கொடுப்பான்." அவருடைய விளக்கு அணைந்தது. மாமா ஏதோ முனகிவிட்டுப் போனார். அம்மாவின் விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே இருந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "மானத்த வாங்கிட்டியேடி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சில வாரம் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் கட்டிக் கொடுப்பார். நானும் கேட்கவில்லை. பிறகு அது தானாகச் சரியானது. தம்பிக்குக் கல்யாணமானது. கம்பெனியை வேறு ஒருவர் வாங்கினார். நான் அதிலேயே தொடர்ந்தேன், அப்புறம் வேறு இடத்துக்குப் போனேன். நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பெரிய முடிவாக எடுத்ததாகவும் சொல்ல முடியாது.

அழுகை அந்தச் சம்பந்தப் பேச்சுக்கும் பல மாதம் கழித்துத்தான் வந்தது. திருவொற்றியூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வேலை நல்லபடியாக முடிந்திருந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலுக்காக ரயில் நின்றது, வழக்கமாக நிற்கிற இடம்தான். சாக்கடை நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. திடீரென்று நிறுத்த முடியாமல் அழுதேன். எதிரில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நான் காலை மடக்கி வைத்துக்கொள்ள இடம் விட்டாள். ரயில் கிளம்பி ராயபுரம் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.